நைஸுக்குக் கண்ணாடி வேணும்

அந்தப் பாலிஷ் ஹாலில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. ஏழு சக்கரங்கள் ஒரே நேரத்தில் சுற்றுகிற இடத்தில் நீளமான பெயர் எதைக் கூப்பிட்டாலும் பாதியைச் சத்தமே விழுங்கிவிடும். அதனால் அங்கே இருபது வருஷமாகக் குழாய் தேய்க்கிறவருக்கு 'நைஸ்' என்று பெயர் வைத்தார்கள். குணத்தைப் பாராட்டி வைத்த பெயர் என்று அவருடைய மாமியார் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தார். விஷயம் அதுவல்ல. ஒவ்வொரு குழாயையும் தேய்த்து முடித்ததும் கட்டைவிரலால் ஒரு தடவு தடவிவிட்டு, "நைஸ்" என்பார். ஒரு நாளைக்கு நூற்றிருபது குழாய். நூற்றிருபது நைஸ்.

குழாய் என்றால் திருகினால் தண்ணீர் வருமே, அந்தப் பித்தளைக் குழாய்தான். வார்ப்பிலிருந்து வெளியே வரும்போது அதைப் பார்த்தால் யாரும் அதன் அடியில் கை நீட்டமாட்டார்கள். சொரசொரவென்று, இரண்டு அச்சும் சேர்ந்த இடத்தில் முதுகு நெடுக ஒரு வரம்போடு வரும். அந்த வரம்பைச் சாணைக் கல்லில் கொடுத்து எடுத்து, எமரி என்கிற உப்புத்தாள் பெல்ட்டில் இழைத்து, துணிச் சக்கரத்தில் பச்சை மெழுகு பூசி மினுக்கவேண்டும். மினுக்கலிலும் கடைசி மினுக்கல் ஒன்று உண்டு. குழாயில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம் என்கிற அளவுக்கு வருவது. அதற்குக் கண்ணாடி பாலிஷ் என்று பெயர். அதைப் போடுகிற ஏழாவது சக்கரம் ஜன்னலோரம் இருந்தது. வெளிச்சம் உண்டு, காற்று உண்டு, சாய்ந்துகொள்ள முதுகு வைத்த நாற்காலியும் உண்டு. ஹாலில் அந்த இடத்துக்கே சுருக்கமாகக் 'கண்ணாடி' என்றுதான் பெயர். "அவனுக்குக் கண்ணாடி கிடைச்சிருச்சு" என்றால் மற்ற ஆறு பேரும் பெருமூச்சு விடுவார்கள்.

நைஸ் உட்கார்ந்திருந்தது நாலாவது சக்கரத்தில். அங்கேயே இருந்துவிட்டால் போதும் என்பதுதான் ஆறு மாதமாக அவருடைய ஒரே வேண்டுதல்.

காரணம், கண். தூரத்தில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. எதிர்ச்சுவர்க் கடிகாரத்தில் விநாடி முள் தடுக்கி நின்றால் கூடத் தெரியும். தெருக்கோடியில் வருகிற பஸ்ஸின் எண்ணை மற்றவர்களுக்கு முன்னால் சொல்லிப் பெயர் வாங்குவார். கையில் இருப்பதுதான் தெரியவில்லை. குழாயை மூக்கருகே கொண்டுவந்தால் அது ஒரு மஞ்சள் புகையாக மாறியது. தள்ளிப் பிடித்தால் கொஞ்சம் தெளிந்தது. இன்னும் தள்ளினால் நன்றாகவே தெரியும் போலிருந்தது, ஆனால் கை அவ்வளவு நீளம் போதவில்லை.

ஒரு கண்ணாடி வாங்கி மாட்டிக்கொள்வதற்கென்ன என்று கேட்கலாம். அந்த ஹாலில் மூக்குக் கண்ணாடி போட்ட பாலிஷ்காரர் ஒருவர்கூட இருந்ததில்லை. கண் மங்கினவர்கள் பேக்கிங்குக்குப் போனார்கள். எந்தச் சுவரிலும் எழுதி ஒட்டாத சட்டம் அது. பேக்கிங் என்றால் பக்கத்துக் கட்டடம். அட்டையை மடிப்பது, குழாயை உள்ளே படுக்க வைப்பது, டேப் ஒட்டுவது. அதிலே கேவலம் ஒன்றும் இல்லை. ஆனால் இருபது வருஷமாக ஹாலில் பேக்கிங்காரர்களைப் பற்றி உலவிய கேலிகளில் முக்கால்வாசி நைஸ் சொந்தமாகத் தயாரித்தவை. 'டேப்புக்கும் அவங்களுக்கும் ஒரே வித்தியாசம், டேப் ஒட்டும்' என்பது அவருடைய உருப்படிகளில் பிரபலமானது. அந்தக் கட்டடத்துக்குள் அவர் எந்த முகத்தை வைத்துக்கொண்டு நுழைவார்?

அதனால் கட்டைவிரலை நம்பினார். கையுறையில் கட்டைவிரலுக்கு மட்டும் நுனியை வெட்டிவிட்டு, தடவித் தடவியே வேலையை ஓட்டினார். வீட்டில் மருந்துப் புட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று மகளைப் படிக்கச் சொல்வார். "உனக்கு வாசிப்பு எப்படியிருக்குன்னு பார்க்கறேன்" என்பார். மகள் பத்தாம் வகுப்பு.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. தேய்த்த குழாய்களைச் சரிபார்க்கிற செக்கிங் மேஜைக்கு அவர் மனைவி வருகிற வரைக்கும்.

அதுவரை அவள் மேல்மாடியில் குழாய்க்கு வாஷர் போட்டுக்கொண்டிருந்தாள். பழைய செக்கர் வேலையை விட்டுப் போனதும் அவளைக் கீழே அனுப்பினார்கள். பழைய செக்கர் நல்ல மனிதர். குழாய் குழாய் மாதிரி இருந்தால் பாஸ் போட்டுவிடுவார். இவள் ஒரு சிவப்பு மெழுகுப் பென்சிலோடு வந்தாள். கீறல் இருந்தால் சுற்றி ஒரு வட்டம், பள்ளம் இருந்தால் ஒரு வட்டம், மெழுகு தங்கியிருந்தால் ஒரு வட்டம். இரண்டே நாளில் ஹாலில் அவள் 'வட்டம் அக்கா' ஆகிவிட்டாள். முதல் நாள் வட்டங்களில் அதிகம் யாருக்கு என்று சொல்லத் தேவையில்லை.

"மாமா, உங்க தட்டைப் பார்த்தா அம்மை போட்ட மாதிரி இருக்கு" என்றான் மாப்ளை. அவன் அவளுடைய தம்பி, ஐந்தாவது சக்கரம். அக்காளுக்குப் பயந்து வளர்ந்தவன். அந்தப் பயம் இன்னொருவருக்கும் கிடைத்ததில் அவனுக்கு ஒரு நிம்மதி.

"உங்க அக்கா என் மேல இருக்கிற கோபத்தைக் குழாய் மேல காட்டறா, மாப்ள."

"என்ன கோபம்?"

"கல்யாணம் பண்ணி பதினெட்டு வருஷம் ஆச்சு. ஏதாவது ஒண்ணு இருக்காதா?"

வீட்டில் அதையே அவளிடம் கேட்டார். அவள் துணி மடித்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"கோபம் எல்லாம் இல்லங்க. தட்டு மாறி வந்தாலும் உங்க பீஸ் எதுன்னு எனக்குத் தெரிஞ்சுருது. இடது பக்கம் அடியில ஒரு துண்டு விட்டுருக்கீங்க. ஷேவ் பண்ணும்போதும் அதே இடத்துலதான் விடுவீங்க."

நைஸ் தாடையைத் தடவிப் பார்த்தார். இருந்தது.

இப்படியே ஒரு மாதம் போனது. பிறகு ஒரு வியாழக்கிழமை மத்தியானம், அவருடைய தட்டிலிருந்து ஒரே ஒரு குழாயை எடுத்து வட்டம் போட்டு, அவளே கொண்டுவந்து கொடுத்தாள். சிவப்பு வட்டம் பெரிதாக இருந்ததால் அவருக்கும் தெரிந்தது. நைஸ் வீறாப்பாக வாங்கினார். மெழுகு பூசினார். சக்கரத்தில் வைத்து இப்படித் திருப்பி அப்படித் திருப்பி, இரண்டு நிமிடம் வியர்க்க வியர்க்கத் தேய்த்துத் துடைத்துக் கொடுத்தார்.

"போயிருச்சு."

"என்ன போச்சு?"

"கீறல்தான்."

"எவ்வளவு நீளம் இருந்தது?"

"ஒரு அரிசி நீளம் இருக்கும். ஆழமான கீறல். வேற ஆளா இருந்தா எடுத்திருக்க முடியாது."

"அதுல கீறலே இல்ல. நான் சும்மா போட்ட வட்டம்."

நைஸ் சக்கரத்தை நிறுத்தினார். சக்கரம் முழுக்க நிற்க அரை நிமிடம் ஆகும். அந்த அரை நிமிடத்துக்குக் கையுறையைக் கழற்றி மறுபடி மாட்டினார்.

"எத்தனை நாளா?" என்றாள் அவள்.

"எது?"

"கண்ணு."

நைஸ் எதிர்ச்சுவரைப் பார்த்தார். "மணி மூணு பதினேழு. தெரியுதுல்ல?"

"பக்கத்துல இருக்கறதைக் கேட்டேன்."

"பக்கத்துல நீதான் இருக்க."

"நான் தெரியறேனா?"

"உருவம் தெரியுது. குரலை வச்சு மீதியை நானே போட்டுக்கறேன்."

அவள் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்கினாளோ என்னவோ, அதைப் பார்க்கிற வசதி அவருக்கு இல்லை. "ஒரு வாரம் டைம் தரேன். நீங்களே ஃபோர்மேன்கிட்ட சொல்லிருங்க. புகை படியாத மாதிரி, பவர் போட்ட கண்ணாடி கம்பெனியிலயே வாங்கித் தருவாங்களான்னு கேளுங்க" என்றாள்.

"கேட்டா பேக்கிங்தான் தருவாங்க."

"கேட்காமலே எப்படித் தெரியும்?"

ஒரு வாரம் போனது. நைஸ் ஃபோர்மேனைத் தூரத்தில் பார்த்தாலே கழிவறைக்குப் போனார். தூரப்பார்வை நன்றாக இருந்ததால் இதில் அவர் ஒருமுறைகூடத் தவறவில்லை.

எட்டாவது நாள் அவள் ஃபோர்மேன் மேஜைக்கு நேராக நடந்தாள். அது ஹாலின் மறுகோடி. சத்தத்தில் ஒரு வார்த்தை கேட்காது. ஆனால் சக்கரத்தடியில் இருபது வருஷம் இருந்தவனுக்கு உதட்டைப் படிக்கத் தெரியும். அவள் உதட்டில் நைஸ் ஒரு சொல்லைத் தெளிவாகப் படித்தார்: கண்ணாடி. அவர் கையிலிருந்த குழாய் சக்கரத்தில் மாட்டி, பிய்த்துக்கொண்டு போய் மாப்ளையின் காலடியில் விழுந்தது.

அந்த மேஜையில் நடந்த பேச்சை அவள் அன்று சாயங்காலம் வீட்டில் அப்படியே ஒப்பித்தாள்.

"சார், அவருக்குக் கண்ணாடி வேணும்னேன். அவர் உடனே நிமிர்ந்து உட்கார்ந்தார். 'அவரே வந்து கேட்கக்கூடாதா?'ன்னார். கேட்க வெட்கப்படறார் சார்னேன். 'எத்தனை நாளா இந்த ஆசை?'ன்னார். ஆசை இல்ல சார், அவசியம், இனிமே அது இல்லாம முடியாதுன்னேன். 'இந்த ஹால்ல அவனவன் சிபாரிசோட வர்றான், நீ ஒருத்திதான்மா நேரா வந்து கேட்டிருக்க, திங்கட்கிழமை கொடுத்துடறேன்'னார். எவ்வளவு சுலபமா முடிஞ்சுது பாருங்க!"

"பேக்கிங் பத்தி ஒண்ணும் சொல்லலையா?"

"அந்தப் பேச்சே வரல."

இத்தனை நல்ல மனிதரைக் கண்டு கழிவறைக்கு ஓடினோமே என்று நைஸ் வருத்தப்பட்டார். இருவருக்குமே உறைக்கவில்லை. அவள் கேட்டது மூக்குக்கு. ஃபோர்மேன் காதில் விழுந்தது ஏழாவது சக்கரம். ஜன்னலோரத்துக்காரர் போன வாரம்தான் வேலையை விட்டிருந்தார். ஹாலில் நைஸ் தவிர மற்ற ஐந்து பேரும் கண்ணாடி, கண்ணாடி என்று ஃபோர்மேனைத் துளைத்துக்கொண்டிருந்த வாரம் அது.

திங்கட்கிழமை காலையில் ஃபோர்மேன் நைஸின் தோளில் கை போட்டு, அழைத்துக்கொண்டுபோய், முதுகு வைத்த நாற்காலியில் உட்கார்த்திவிட்டுக் கை தட்டினார். எல்லோரும் தட்டினார்கள். மாப்ளை கொஞ்சம் குறைவாகத் தட்டினான்.

"சார், கண்ணாடி?" என்றார் நைஸ்.

"இதுதான். இது மேலேயே உட்கார்ந்துகிட்டு கேட்கறியே!" ஃபோர்மேன் வாய்விட்டுச் சிரித்துவிட்டு, வளைந்த கழுத்துள்ள ஒரு குழாயை அவர் கையில் வைத்தார். "புது டிசைன். வாங்கறவங்களுக்கு மாதிரி பீஸ் அனுப்பணும். உன் கையால முதல் பீஸ்."

நைஸ் கைக்குள் பார்த்தார். மஞ்சள் புகை. தலையைத் திருப்பிச் செக்கிங் மேஜையைப் பார்த்தார். அங்கே அவள் பென்சிலை வாயில் கடித்துக்கொண்டு, அசையாமல் உட்கார்ந்திருப்பது மிகத் தெளிவாகத் தெரிந்தது.

எழுந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் கை தட்டி முடித்த கூட்டத்துக்கு முன்னால் எழுந்து நின்று 'தப்பான ஆள்' என்று சொல்ல ஒரு தனித் தைரியம் வேண்டும். அது நைஸின் பரம்பரையிலேயே இல்லை. வேலையைத் தொடங்கினார். தேய்த்தார், தடவினார். கண்ணாடி பாலிஷில் கட்டைவிரல் உதவாது. கீறலும் வழவழப்பும் அங்கே தோலுக்கு ஒன்றுதான். வேறு வழியில்லாமல் குழாயை ஜன்னல் மேடையில் நிறுத்தி, நாலு அடி பின்னால் நடந்து, இடுப்பில் கை வைத்துப் பார்த்தார். அங்கிருந்து அழகாகத்தான் இருந்தது. மறுபடி வந்து தேய்த்தார். மறுபடி நாலு அடி.

"அதான் தொழில்! நாம எல்லாம் மூக்கை நுழைச்சுப் பார்ப்போம். கண்ணாடிக்குப் போறவன் தள்ளி நின்னு பார்க்கறான் பாரு" என்றார் மூன்றாவது சக்கரக்காரர்.

மத்தியானத்துக்குள் ஹாலில் மூன்று பேர் குழாயை நிறுத்திவிட்டுப் பின்னால் நடந்தார்கள். ஒருவர் இன்னொருவர் மேல் மோதினார்.

மாலையில் அந்தக் குழாய் செக்கிங் மேஜைக்குப் போய்த் திரும்பி வந்தது. பதினான்கு வட்டம். ஃபோர்மேன் அதை ஒரு தடவை சுற்றிப் பார்த்துவிட்டு அவளைக் கூப்பிட்டார்.

"என்னம்மா இது? நீதானே கேட்ட?"

"சார், நான் கேட்டது மூக்குல மாட்டுற கண்ணாடி."

சக்கரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. ஃபோர்மேன் அவளைப் பார்த்தார், நைஸைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டு பக்கத்தில் கிடந்த மெழுகுப் பெட்டி மேல் உட்கார்ந்தார். முதலில் அழுகிறார் என்றுதான் நினைத்தார்கள். தோள் குலுங்கிய விதத்தில் சிரிப்பு என்று புரிந்தது. ஹாலே சிரித்தது. மாப்ளை சுவரைப் பிடித்துக்கொண்டான். நைஸும் சிரித்தார். அந்த நேரத்தில் தனியாகச் சிரிக்காமல் இருப்பது அதைவிடக் கஷ்டம்.

சிரிப்பு அடங்கியதும் ஃபோர்மேன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேறு குரலில் பேசினார்.

"இங்க பாரு நைஸ். உன் பெயரை ஆபீஸுக்கு எழுதிக் கொடுத்துட்டேன். மாதிரி பீஸ் வெள்ளிக்கிழமை போகணும். மூக்குக் கண்ணாடி வாங்கி மாட்டிக்க. வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள வட்டமில்லாம ஒரு பீஸ். வந்தா இந்த நாற்காலி உனக்கு. வரலேன்னா பேக்கிங். நடுவுல ஒண்ணும் கிடையாது, நாலாம் சக்கரத்துக்கும் ஆள் போட்டாச்சு." அவள் பக்கம் திரும்பினார். "புருஷன்னு பார்க்காதம்மா."

"புருஷன்னுதான் சார் ரெண்டு தடவை பார்க்கறேன்."

அன்றே போய்க் கண்ணாடி வாங்கினார்கள். கடைக்காரர் சின்ன எழுத்து அட்டையைக் கொடுத்துப் படிக்கச் சொன்னபோது நைஸ் அடிவரி வரை கடகடவென்று படித்தார். கடைசியில் இருந்த அச்சகத்தின் முகவரியையும் விடவில்லை. போதும் என்று அட்டையைப் பிடுங்கவேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு வீட்டில் இருந்தவர்களுக்குத்தான் கஷ்டம். அலமாரி விளிம்பில் தூசி, தரையில் சிந்திய மை, மகளின் நோட்டில் எழுத்துப்பிழை, சுவரில் நகக்கீறல் என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து அறிவித்தார். "ஒரு வீட்டுக்கு ஒரு செக்கர் போதும்" என்றாள் மனைவி.

ஹாலில் அது வேறு விதமான கஷ்டமாக இருந்தது. கண்ணாடி மேல் கரும்புகை படிந்தது. துடைத்தால் கறுப்பாக இழுத்துக்கொண்டது. புகையை மீறித் தெரிந்ததோ அதைவிடக் கொடுமை. தான் செய்த குழாய்களை அவர் முதல் தடவையாகப் பார்த்தார். ஆறு மாதமாக இவற்றையா 'நைஸ்' என்றோம்? செவ்வாய்க்கிழமை ஐந்து வட்டம் வாங்கினார். புதன்கிழமை இரண்டு. வியாழக்கிழமை ஒன்று, இடது பக்கம் அடியில்.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்து ஒரே குழாய். எமரி பெல்ட்டை இன்னும் சன்னமானதாக மாற்றி மறுபடி இழைத்தார். புதுத் துணிச் சக்கரம் பூட்டினார். மெழுகைக் கொஞ்சமாகத் தொட்டார். நாலரை மணிக்குச் சுண்ணாம்புத் தூள் போட்டுத் துடைத்தபோது குழாய்க்குள் ஜன்னலும், ஜன்னலுக்குள் தெருவும் தெரிந்தன, தெருவில் ஒரு சைக்கிள் போனது. இடது பக்கம் அடியில் மூன்று முறை பார்த்தார். ஒன்றுமில்லை.

ஐந்தடிக்கப் பத்து நிமிடம். அவளே பென்சிலோடு வந்து அவர் தோளுக்குப் பின்னால் நின்றாள்.

"கொடுங்க."

"இரு, கடைசியா ஒரு தடவை." சக்கரத்தை நிறுத்திவிட்டு உயர்த்திப் பிடித்தார். அவளும் குனிந்து பார்த்தாள். கழுத்து வளைவில் ஒரு கோடு. வெள்ளையாக, முடி மாதிரி மெல்லிசாக, வளைவு நெடுகிலும் ஓடியது. நைஸ் கண்ணாடியை மூக்கில் அழுத்திவிட்டுப் பார்த்தார். "இது இப்ப வரைக்கும் இல்லையே!"

சக்கரத்தைப் போட்டார். அவள் தள்ளி நின்றாள். தொட்டும் தொடாமலும் ஒரு இழுப்பு. நிறுத்தினார், உயர்த்தினார். அவள் குனிந்தாள். கோடு அங்கேயே இருந்தது. இல்லை, கொஞ்சம் இடம் மாறி இருந்தது. மறுபடி தேய்த்தார். மறுபடி பார்த்தார். இப்போது கோடு ஆடியது.

"என்னங்க பண்றீங்க? மணி ஆகுது."

"கோடு ஒண்ணு ஓடுது. தேய்க்கத் தேய்க்க ஓடுது. இருபது வருஷத்துல இப்படி ஒரு கீறலை நான் பார்த்ததில்ல."

அவள் இன்னும் குனிந்தாள். அவர் காதருகே அவள் மூச்சு பட்டது. குழாய்க்குள் அவள் முகம் நீளமாக வந்து நின்றது. சிறிது நேரம் பார்த்தாள். பிறகு நெற்றியிலிருந்து தொங்கிக்கொண்டிருந்த ஒற்றை நரைமுடியை விரலால் எடுத்துக் காதுக்குப் பின்னால் செருகினாள்.

கோடு போய்விட்டது.

நைஸ் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், இறக்கினார். திரும்பி, குழாயை விட்டுவிட்டு நேராக அவளையே பார்த்தார்.

"இது எப்பலேர்ந்து?"

"ரெண்டு வருஷமா இருக்கு. உங்க கண்ணு நல்லா இருந்தப்பவே இருந்துச்சு."

அவள் குழாயை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பி இரண்டு சுற்றுப் பார்த்தாள். இடது பக்கம் அடியில் இன்னும் ஒரு சுற்று. பென்சில் கையிலேயே இருந்தது.

ஃபோர்மேன் வேகமாக வந்தார். "என்னய்யா, அங்கிருந்து பார்த்தா தேய்க்கற, நிறுத்தற, தேய்க்கற. கோடு கோடுன்னு சொல்றது உதட்டுல தெரியுது. கோடு எங்க?"

"குழாயில இல்ல சார்."

"பின்னே எங்க இருக்கு?"

நைஸ் வாயைத் திறந்தார். அவள் குழாயிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தாள். புதுக் கண்ணாடியில் அந்தப் பார்வை ஒரு பிசிறு இல்லாமல் தெரிந்தது.

"எங்கேயுமே இல்ல சார்" என்றார் நைஸ்.

அவள் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, குழாயை இரண்டு கையாலும் தூக்கி, பாஸ் தட்டில் கொண்டுபோய் வைத்தாள்.